ஆடியில் வாங்கிய சாவி

அந்தத் துண்ட எடுத்துப் பின்சீட்டுல போட்டுட்டு உக்காரு தாயி. என்ன பாக்க? எவனோ சன்னல் வழியா வீசிட்டு டீ குடிக்கப் போயிருக்கான். ஆள் இல்லாம துண்டு மட்டும் கெடந்தா சீட்டு அவனுதாயிருமா? வந்தான்னா நான் பேசிக்கிடுதேன். கோர்ட்டுலயே பேசிட்டு வாரேன், இவன்கிட்ட பேச மாட்டனா?

கடையநல்லூர்தான? நானும் அங்கதான் எறங்கணும். தம்பி வீடு. என் வீடு இன்னா இங்கன மேலகரத்துல இருக்கு, குத்தாலம் போற வழியில. சொந்த வீடு. மேல மாடி எடுக்குத மாதிரி அஸ்திவாரம் போட்ட வீடு. சொந்த வீட்ட இங்கன வச்சுக்கிட்டுத் தம்பி வீட்டுக்கு எதுக்குப் போறன்னு கேக்கியா? நீ கேக்கல. ஆனா கேக்கணும்லா.

உள்ள ஒருத்தன் இருக்கான். லிங்கதுரைன்னு பேரு. பேரப் பாரு, துரையாம். வெள்ளையடிக்க வந்த பய. ஏணியும் மட்டையும் வாளியுமா வந்தவன், பொண்டாட்டியக் கூட்டியாந்து, அடுப்பப் பத்தவச்சு, பிள்ள பெத்து, அந்தப் பிள்ளைக்குக் காதும் குத்திட்டான் என் வீட்டுல. காதுகுத்துக்கு வாசல்ல வாழமரம் கட்டினானாம். எதுத்த வீட்டுக்காரி எனக்குப் போன் போட்டுச் சொல்லுதா, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு. அவளும் ஒரு மனுசி.

எங்க வீட்டுக்காரவியளுக்குப் பம்பாயில வேல. லீவுல வந்து வந்து நின்னு கட்டின வீடு அது. ரிட்டயராகி வந்து சாரல் அடிக்கயில சேர் போட்டு வாசல்ல உக்காரணும்னு அவியளுக்கு ஆசை. உக்காரக் குடுத்து வைக்கல, அங்கனயே போய்ச் சேந்துட்டாவ. எங்களுக்குப் பிள்ள குட்டி கெடையாது. நான் ஒருத்தி வந்து, வீட்டுக்கு வெள்ளையடிச்சுக் குடியிருக்கலாம்னுதான் இந்த லிங்கதுரையப் பிடிச்சேன். முன்பக்கத்துப் பட்டாசலையும் ரெண்டு ரூமையும் முடிச்சான். அடுக்களை பாக்கி. அதுக்குள்ள அவிய ஆபீசுல கையெழுத்துப் போட வான்னு கூப்பிட்டாவ. சாவிய இவன்கிட்ட குடுத்து, பாக்கிய அடிச்சு முடி, வீட்ட இருட்டடச்சுப் போடாத, சாயங்காலம் ஒரு விளக்கு ஏத்திவையின்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன்.

எழுதி வாங்கலியான்னு எல்லாவனும் கேக்கான். எழுதிக் குடுத்தாத்தான தாயி நாளைக்கி உரிமை கொண்டாடுவான்? அதனாலதான் ஒரு எழுத்து இல்லாம குடுத்தேன். அந்த விவரமெல்லாம் நமக்கு உண்டு.

பம்பாயில போயி மாடிப்படியில வழுக்கி இடுப்பு எலும்ப முறிச்சுக்கிட்டேன். ஒரு வருசத்துக்கு மேல ஆயிட்டு. திரும்பி வந்து பாக்கேன், வாசல்ல கோலம் கெடக்கு. நல்ல கோலந்தான், அதுல கொற சொல்லக் கூடாது. கொடியில பொம்பளச் சேல. கெணத்தடியில பப்பாளி காய்ச்சுத் தொங்குது. உள்ள இருந்து ஒருத்தி ஈரக்கையச் சேலையில தொடச்சுக்கிட்டு வந்து, யாரு வேணும்னு கேக்கா. என் வீட்டு வாசல்ல நின்னு என்கிட்ட கேக்கா. அவன் பொண்டாட்டி, சந்தனமாரி.

லிங்கதுரை பின்னாலயே வந்து பல்ல இளிக்கான். நீங்கதானம்மா விளக்கேத்தச் சொன்னிய, தெனமும் வந்து போக முடியல, அதான் இங்கனயே இருந்துட்டோம்ங்கான். விளக்கேத்தச் சொன்னா குடும்பம் நடத்தச் சொன்னதாயிருமா? வாங்க, காப்பி குடிங்கன்னு என் வீட்டுக்குள்ள என்னைய உபசாரம் பண்ணுதான் வெக்கங்கெட்ட பய. நான் நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன்.

போலீசு யோக்கியதையக் கேளு. களவாணி வீட்டுல பூந்து அண்டாவத் தூக்கிட்டு ஓடினா இவனுவ வெரட்டுவானுவ. அதே களவாணி ஓடாம, அங்கனயே உக்காந்து கொழம்பு வச்சு, கரண்டு பில்லும் கட்டிட்டான்னா, இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்கன்னுருதானுவ. அப்ப களவாணிப் பயலுவளுக்கு நாமளே சொல்லிக் குடுத்துரலாம் போலுக்கு. ஓடாத ராசா, உக்காந்து சமையல் பண்ணு, ஒன்ன ஒருத்தனும் தொட முடியாது.

எனக்கு ஆத்திரம். ஒருநாள் மத்தியானம் அவன் இல்லாத நேரமாப் போயி பீஸ் கட்டையப் பிடுங்கிட்டு வந்துட்டேன். இருட்டுல கெடக்கட்டும்னு. என் வீட்டு பீஸ் கட்டை, நான் பிடுங்குதேன், எவனுக்கென்ன? அவன் கோர்ட்டுக்குப் போயிட்டான். வெள்ளையடிக்கிற பயலுக்கு வக்கீலு. கரண்ட நிறுத்தக் கூடாதாம், தண்ணிய நிறுத்தக் கூடாதாம், சட்டப்படி அல்லாம அவன வெளியேத்தக் கூடாதாம், அதுவரைக்கும் நான் வாசப்படிய மிதிக்கக் கூடாதாம். என் வீட்ட நான் மிதிக்க எனக்குத் தடை. என் வக்கீல் சொர்ணலிங்கம் அத எனக்கு வெளக்குதாரு. வீடு யாருதுன்னு சட்டம் பொறவுதான் பாக்குமாம். இப்ப உள்ள யாரு இருக்கான்னுதான் மொதல்ல பாக்குமாம். அத எழுதின மனுசனுக்குச் சொந்த வீடு இருந்திருக்காது.

பொறவு வாய்தா, வாய்தா, வாய்தா. நாம போனா அவன் வக்கீல் வரமாட்டான். அவன் வக்கீல் வந்தா ஜட்ஜு லீவு. ரெண்டும் வந்தா அன்னைக்கி வக்கீலுமாரு ஸ்டிரைக்கு. நடுவுல ஒரு ஜட்ஜம்மா சமாதானமாப் போங்கன்னு சொல்லி எங்கள வராண்டாவுல உக்கார வச்சாவ. இவன் கையக் கட்டிக்கிட்டு, அம்மா, வீட்டுல புள்ளத்தாச்சி, வயித்துல இருக்கயில எடம் மாறக் கூடாதுங்காவ, பிள்ள பொறந்ததும் போயிருதோம்ங்கான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இருக்க எடமில்லாத பயலுக்குச் சாஸ்திரம் என்ன வேண்டிக் கெடக்கு? அதெல்லாம் வீடு வாசல் உள்ளவ பாக்குதது, ஒனக்கு எதுக்குல சாஸ்திரம்னு கேட்டுட்டேன். அந்தப் பிள்ள இப்பப் பள்ளிக்கூடம் போகுது, அதுக்குக் கீழ இன்னொண்ணும் இருக்கு. கோர்ட்டு எம்புட்டு வேகமா நடந்துச்சுன்னு நீயே பாத்துக்க.

அதுவரைக்கும் நான் எங்க இருந்தேன்? தம்பி வீட்டுலதான். அவன் பொண்டாட்டி வடிவு இருக்காளே, அவளப் பத்திப் பேசணும்னா இந்த பஸ் சங்கரன்கோவில் போயிட்டு வரணும். பட்டாசல்லதான் எனக்குப் படுக்கை. அவ சீரியல் முடிஞ்ச பொறவுதான் நான் பாய விரிக்கணும். காப்பியக் கையில குடுக்கையிலயே, மயினி, ஒங்க கேசு எப்ப முடியும்னு கேட்டுக்கிட்டேதான் குடுப்பா. இப்ப அவ மகனுக்கு நிச்சயமாயிருக்கு. தையில மருமவ வாரா, எடம் காணாதுன்னு என் தம்பி செவுத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதான். நான் தூக்கி வளத்த பய. மூஞ்சியப் பாத்துச் சொல்ல அவனுக்குத் துப்பில்ல.

கேசு ஜெயிச்சுட்டு தாயி. அத மொதல்லயே சொல்லியிருக்கணும். போன ஆனியில தீர்ப்பு நடந்தேற உத்தரவாயிட்டு. அமீனா வந்து இவன வெளியேத்தி என் கையில சாவியக் குடுக்கணும். அமீனான்னா கோர்ட்டு உத்தரவ நடத்திக் குடுக்க வார ஆளு. இந்தக் கோர்ட்டு இருக்கே, அம்புட்டு வருசம் இழுத்தது இன்னும் ஒரு மாசம் இழுத்திருக்கலாம்லா? இல்லன்னா ஒரு மாசம் முந்தி விட்டிருக்கலாம்லா? சரியாப் பாத்து ஆடியில கொண்டு வந்து விடுது.

நீயே சொல்லு, ஆடியில எவளாவது குடி போவாளா? நான் சொர்ணலிங்கத்துக்கிட்ட கேட்டேன், ஆவணிக்குத் தள்ளி வாங்கும்னு. அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிடுதாரு. இத விட்டா அவன் மேல் கோர்ட்டுக்குப் போயித் தடை வாங்கிருவான்மா, வாங்கி உள்ள வையிங்க, ஒங்க பால ஆவணியில காய்ச்சிக்கிடுங்கன்னாரு. சரி, வாங்கி வைப்போம்னு போனேன்.

அன்னைக்கின்னு பாத்துச் சாரல் பிடிச்சுக்கிட்டு. அமீனா வந்தாரு, போலீசுல ரெண்டு பேரு, சாமான் தூக்க ஆளுவ. தெருவே கூடி நிக்கு. நான் தெருவுக்கு எதுத்த வாடையில கொடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நல்லா நிமுந்து நின்னேன். ஒவ்வொண்ணா வெளிய வருது. கட்டில், டிவி, ஒரு தையல் மிசின், சாமி படம், தண்ணிக் கொடம். என்னவோ நெறைய வச்சிருப்பான்னு நெனச்சேன். பாத்தா ஒரு குட்டியானை வண்டியில பாதி காணாது. இதுக்கா இம்புட்டு வருசம் என் வீட்டப் பிடிச்சுக்கிட்டு இருந்தான் பிச்சக்காரப் பய.

அமீனா பூட்டுப் போட்டு, வாங்கம்மா, சாவியப் பிடிங்க, கையெழுத்துப் போடுங்கன்னாரு. வாசப்படி ஏற மாட்டேன், சாவியக் கையிலயும் வாங்க மாட்டேன், ஆடின்னுட்டேன். பொறவு எப்படி வாங்குவியன்னு கேட்டாரு. முந்தானையில போடும்னு விரிச்சேன். அவர் என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, போட்டாரு. பேனாவப் பிடிக்க மட்டும் கைய நீட்டினேன். ஜீப்பு போயிட்டு. கூட்டமும் சாரலுக்குப் பயந்து கலஞ்சு போயிட்டு. தெருவுல அவன் பொண்டாட்டி பிள்ளையளும் நானும்தான்.

இப்ப ஒரு வெவகாரம் தாயி. வீடு பூட்டிக் கெடக்கு. நான் ஆவணிக்கு முந்தி உள்ள போக முடியாது. ஆடி முழுக்க வீடு விளக்கில்லாமக் கெடக்கலாமா? கெடக்கக் கூடாது. அது எனக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

லிங்கதுரை வண்டி பாக்கப் போயிருந்தான். பிள்ளைய ரெண்டும் எதுத்த வீட்டுத் தாவாரத்துல ஒண்டிக்கிட்டு நிக்கு. இந்தச் சந்தனமாரி இருக்காளே, அவளாவது அழுதாளா? அழல. என் கால்ல வந்து விழுந்திருந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பேன். அதுவும் விழல. அப்பத்தான் மாவு ஆட்டி முடிச்சிருக்கா போலுக்கு. ஒரு பெரிய சட்டி மாவு தெருவுல சாமானோட சாமானா இருக்கு. மூடி எங்கயோ போயிட்டு. சாரல் அதுல விழுது. அவ அந்தச் சட்டிக்கு மேல குனிஞ்சு முதுகக் குடுத்துக்கிட்டு இருக்கா. கட்டில் நனையுது, டிவி நனையுது, அதெல்லாம் பாக்கல. மாவுக்கு முதுகக் குடுத்துக்கிட்டு இருக்கா கோட்டிக்காரி. முதுகு பூரா நனஞ்சு ரவிக்கை ஒட்டிக்கிட்டு நிக்கு.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. எவ மேல ஆத்திரம், எதுக்கு ஆத்திரம்னு கேக்காத. நான் போயி அவ முன்னால முந்தானைய ஒதறினேன். சாவி சட்டிக்குப் பக்கத்துல விழுந்துச்சு.

"எடுத்துத் தொறந்து உள்ள தூக்கி வையி. ஆடி முடியுத வரைக்கும் கெட. விளக்கு மட்டும் தவறாம ஏத்து. ஆவணி ஒண்ணு நான் பால் காய்ச்ச வருவேன், அதுக்குள்ள தொடச்சுப் போட்டுட்டுக் கெளம்பிரணும்" அப்படின்னேன்.

அவ என்னைய ஏறிட்டுப் பாத்தா. சரிம்மான்னா. அவ்வளவுதான். இதுல எரக்கம் கிரக்கம்னு ஒண்ணும் கெடையாது, நீ பாட்டுக்கு நெனச்சுக்கிடாத. ஆடி. விளக்கேத்த ஒரு ஆள் வேணும். அம்புட்டுத்தான்.

ஆவணி பொறந்துச்சு. நான் புதுப்பான, பாலு, சாமி படம் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறேன். லிங்கதுரை வாசல்ல நிக்கான். அவன் வக்கீல் சொல்லிக் குடுத்துட்டான். கோர்ட்டு உத்தரவு அன்னைக்கே நிறைவேறிட்டாம், தீர்ப்பு அதோட முடிஞ்சிட்டாம், பொறவு நானாப் பிரியப்பட்டு அவியள உள்ள விட்டதாம். இனிமே வெளியேத்தணும்னா மொதல்ல இருந்து புதுசாக் கேசு போடணுமாம். சொல்லும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னான். குனிஞ்சா என்ன, நிமுந்தா என்ன? பால் திரிஞ்சு போச்சு அன்னைக்கி எனக்கு.

சொர்ணலிங்கம் கத்தின கத்து ஊருக்கே கேட்டிருக்கும். பொறவு மனுசன் நிதானமாகி ஒரு வழி சொன்னாரு. அமீனா போனதுக்குப் பொறவு இவன் பூட்ட ஒடச்சு மறுபடி பூந்துட்டான்னு மனுப் போடுதேன். நீங்க சாவி குடுத்ததுக்குச் சாட்சி கெடையாது, எவனும் பாக்கல. கூண்டுல ஏறி, நான் குடுக்கல, அவனா நுழஞ்சுட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தைக்கு முந்தி ஒங்க வீட்டுல நீங்க இருப்பிய. குடுத்தேன்னு சொன்னியோ, எல்லாம் போச்சு, புதுக்கேசு நடத்த ஒங்க ஆயுசு காணாதுன்னாரு.

சொல்லுததுக்கு என்ன? இவன மாதிரி ஆளுக்கு எதிராப் பொய் சொன்னா அது பொய்யே இல்ல. காலையில பஸ்ஸுல வரும்போதே வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். நான் குடுக்கல, அவனா நுழஞ்சுட்டான். நான் குடுக்கல, அவனா நுழஞ்சுட்டான்.

டவாலி, உலகம்மாள், உலகம்மாள்னு கூப்பிட்டான். கூண்டுல ஏறினேன். சொர்ணலிங்கம் கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் சொன்னேன். பொறவு அவன் வக்கீல் எந்திரிச்சான். மீச சரியா மொளைக்காத பய. பெரிய இவன் மாதிரி கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டுக் கேக்கான்.

"நீங்க அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க. சாவி உங்ககிட்ட இருந்துச்சு. நீங்க நிக்கும்போதே, உங்க கண்ணு முன்னால, உங்களையும் மீறி லிங்கதுரை உள்ள போயிட்டார். உங்களால ஒண்ணும் செய்ய முடியல. அப்படித்தானே?"

ஆமான்னு சொல்லணும். அம்புட்டுத்தான் வேல. நான் லிங்கதுரையத் திரும்பிப் பாத்தேன். மூலையில நிக்கான். சட்டக் கழுத்துல சுண்ணாம்புக் கறை, செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கான், கோர்ட்டென்னவோ கோயில் மாதிரி. இவனா? இவன் என்னைய மீறியா? பம்பாய் கோமதிநாயகம் பொண்டாட்டி நான் கொடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கயில, இந்தப் பய என்னையத் தாண்டி என் வாசப்படி ஏறினான்னு நான் ஊருக்கு முன்னால சொல்லணுமா? எனக்குத் தாங்கல தாயி.

"என்னைய மீற இவனுக்கு ஏது தைரியம்?" அப்படின்னேன். "நான் சாவியப் போட்டேன், எடுத்தாவ. நான் இருன்னேன், இருந்தாவ. என் வீட்டுல என் சொல்லு இல்லாம ஒரு ஈ நுழையாது."

ஜட்ஜு பேனாவ நிறுத்திட்டு, யோசிச்சுச் சொல்லுங்கம்மா, இத எழுதிக்கிடலாமான்னு கேட்டாரு. யோசிக்க என்ன இருக்கு, எழுதிக்கிடுங்கன்னேன். டைப் அடிக்குத பொண்ணு டகடகன்னு அடிச்சா. சொர்ணலிங்கம் மேல சுத்துத காத்தாடியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு வயசாயிட்டு, கூறு கொறஞ்சு போச்சு. வெளிய வந்து என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, கேசுக் கட்டத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. ஆனா அந்த மீச மொளைக்காத வக்கீல் வந்தான், ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். என்ன இருந்தாலும் படிச்ச பய, மரியாதை தெரியுது.

சந்தனமாரியும் வந்தா. வராண்டாவுல தூண் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தவ, நான் போகும்போது குறுக்க வந்தா. அழுதிருக்கா, கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. வீட்டுக்கு வாங்கம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னா. எந்த வீட்டுக்குடி என்னையக் கூப்பிடுதன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஒங்க வீட்டுக்குத்தான்மான்னா. கேட்டியா? அவ வாயாலயே சொன்னா. நான் ஒண்ணும் போகல. எனக்கென்ன தலையெழுத்து, அவ கையால திங்க.

நீ என்ன தாயி, சொர்ணலிங்கம் பாத்த மாதிரியே பாக்க? ஒனக்குச் சட்டம் தெரியல. இம்புட்டு நாளா அவன் தானா வந்து உக்காந்தவன். இப்ப அப்படியா? அவன் இருக்குதது என் தயவுல. கோர்ட்டுலயே எழுதியாச்சு, ஜட்ஜு கையெழுத்துப் போடுவாரு. இனிமே எவனும் அழிக்க முடியாது. நான் குடிவச்ச ஆளு அவன்.

வண்டிய எடுத்துட்டான். ஒன் போன்ல மணி என்னன்னு பாத்துச் சொல்லு. வடிவு வாசக்கதவச் சாத்துததுக்கு முந்தி போயிரணும். சாத்திட்டான்னா தட்டினாலும் காது கேக்காத மாதிரிதான் இருப்பா.